ஒன்பது மடிப்பில் பாப்பரசர்

மதாம் ஜினெத் பராலியை நான் முதலில் பார்த்தது 2004 ஜனவரியில், ஒரு வெள்ளைச் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. பிரான்ஸில், மார்செய் துறைமுக நகரின் எந்தூம் பகுதியில், கடலை நோக்கி இறங்கும் சரிவுத் தெரு ஒன்றில் அவருடைய இஸ்திரிக் கடை இருந்தது. மறுநாள் எனக்கு வாய்மொழித் தேர்வு. அந்தச் சட்டை, மலைமேல் ஆடு வளர்க்கும் என் அப்பா தன் கல்யாணத்துக்குப் போட்டது. எங்கள் குடும்பத்தில் பதினாறு வயதுக்கு மேல் படித்த முதல் ஆள் நான். பிறகு சட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

மதாம் ஜினெத் சட்டையை முகர்ந்து பார்த்தார்.

"ஆட்டு வாசம் அடிக்குதே தம்பி."

"தோச்சுதான் கொண்டாந்தேன் மதாம்."

"தோச்சது தெரியுது. ஆடும் கூடவே குளிச்சிருக்கு."

அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. புருஷன் துறைமுகத்தில் வேலை பார்த்து, சீக்கிரம் போய்விட்டார். பிள்ளை இல்லை. வலது முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் ஏணிப்படி போல ஏறிக்கொண்டு போகும். காலையில் தெருக்காரர்களின் சட்டை, மேசைவிரிப்பு. மதியத்துக்கு மேல் பங்குக் கோயில் துணிகள்: சாமியாரின் வெள்ளை அங்கி, பீடத்து விரிப்பு, கை துடைக்கும் துண்டு. 1961இலிருந்து இவர்தான் தேய்க்கிறார். காசு வாங்கியதில்லை. நாலு மணிக்கு இஸ்திரிப் பெட்டியை அணைத்ததும், அதே மேசையில், அதே கம்பளியின்மேல் குறி பார்க்கும் சீட்டு விரியும்.

சீட்டுக்கட்டு மாமியாருடையது. மூலைகள் தேய்ந்து நாக்குப் போல வளைந்திருக்கும். என் தேர்வுக்கு முன்னால் ஒன்று எடுக்கச் சொன்னார். இடது கையால் எடுத்தேன். ஐந்தாம் எண் படச்சீட்டு வந்தது, பாப்பரசர்.

"நல்லா பாத்துக்கோ. உன்னைக் கேள்வி கேக்கப்போறவரு இவருதான்."

மூன்றடுக்கு மகுடம், வெள்ளைத் தாடி, கையில் மூன்று குறுக்குக்கட்டை வைத்த கோல். பின்னால் இரண்டு தூண்கள். முன்னால் உச்சி சிரைத்த இரண்டு பேர் நமக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் கை மேலே போகிறது, இன்னொருவன் கை கீழே.

"இவங்க ரெண்டு பேரும் யாரு மதாம்?"

"ஒருத்தன் காது குடுத்துக் கேக்குறான். இன்னொருத்தன், பக்கத்துல இருக்கவன் வந்தானேன்னு தானும் வந்திருக்கான். கோயில்ல எப்பவும் இந்த ரெண்டு பேருதான். நீ நாளைக்கு மொதல் ஆளா இரு."

தேர்வில் தேறிவிட்டேன். என்னைக் கேள்வி கேட்டவர் தாடியில்லாத ஒரு பெண்மணி. அதைப் போய்ச் சொன்னபோது மதாம் ஜினெத் அசரவில்லை. "முகத்துல இல்லாட்டி என்ன, அந்தம்மாவுக்குப் படிப்புல தாடி இருக்கும்," என்றார்.

அதற்குப் பிறகு சட்டை தேய்க்கக் கொடுக்கிற சாக்கில் வாரம் இரண்டு முறை அங்கே இருப்பேன். மீன்கார ரோஸெத்தும் இருப்பாள், கையில் தின்னக் கொண்டுவந்த ஒரு பொட்டலம் கடல்முள்ளெலியோடு. பாப்பரசர் எப்போதும் வலப்பக்கம் பார்ப்பவர். அவர் பார்வை எந்தச் சீட்டின்மேல் விழுகிறதோ, அதைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது மதாம் ஜினெத்தின் கணக்கு. ஒருநாள் ரோஸெத் தன் மகளின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள். பாப்பரசர் வந்தார். அவருக்கு வலப்பக்கத்தில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிற கோமாளி.

"கோயில் கல்யாணம் உண்டு. மாப்பிள்ளை நிப்பானான்னுதான் தெரியல."

"நீ பையனைப் பாத்ததே இல்லியே! எப்படி இவ்ளோ கரெக்டா சொல்ற?"

"அவன் பேன்ட் தேய்க்க வந்துச்சு. பையில நாலு ஊர் ரயில் டிக்கெட்டு."

இப்படித்தான் இருக்கும் அவர் சீட்டு. ஆனால் பாப்பரசர் சீட்டில் அவர் கண் முதலில் போவது மகுடத்துக்கோ கோலுக்கோ இல்லை. "மேலங்கியைப் பாரு. ஒரு சுருக்கம் இருக்கா? யாரோ ஒருத்தி தேச்சிருக்கா. அவளை மட்டும் படத்துல போடல," என்பார்.

கம்பளியின்மேல் அவர் விரிக்கும் துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நைந்துபோன வெள்ளை லினன். குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று என்று ஒன்பது கட்டமாக மடிப்புக் கோடுகள். கட்டத்துக்கு ஒரு சீட்டு வைப்பார். ஓரத்தில் சிவப்பு நூலில் கடுகளவு சிலுவை. அது என்ன துணி என்று நான் கேட்டதே இல்லை. சீட்டு விரிக்கவே செய்தது போல அத்தனை பொருத்தமாக இருக்கும்.

2005 இறுதியில் அவருடைய தங்கை மகள் கொரினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அபொலின் என்று பெயர். கொரின் தன் பெரியம்மாவையே, ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தாயாக நிற்கச் சொன்னாள். பிப்ரவரி இரண்டாம் தேதி, மார்செய்யில் பச்சை மெழுகுவர்த்தி ஏற்றும் திருநாளன்று ஞானஸ்நானம். மதாம் ஜினெத் வாழ்க்கையில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "எனக்கு மகள் பொறந்திருக்கா, பூசைக்கு வாங்க," என்று சொல்லிச் சொல்லி, இரண்டு பேர் சட்டையைக் கருக்கிவிட்டார்.

அந்த வருடம் பங்குக்கு ஃபாதர் சிப்ரியன் புதிதாக வந்திருந்தார். முப்பது வயது. லியோன்காரர், எங்களுக்கு அது வடநாடு. ஒரு ஜனவரி மாலை அவசரமாகத் தேய்க்க வேண்டிய அங்கியோடு கடைக்குள் நுழைந்தார். ரோஸெத்துக்காகச் சீட்டு விரிந்திருந்தது. நான் நாற்காலியில். மதாம் ஜினெத் சீட்டை மறைக்கவில்லை. அவர் எதையும் மறைக்கிறவர் இல்லை.

ஃபாதர் சீட்டைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு அதன் அடியில் இருந்ததைப் பார்த்தார். முகம் மாறியது.

"இது என்ன துணி மதாம்?"

"பழைய பீடத்துணி ஃபாதர். அப்பமும் கிண்ணமும் வைக்கிறதுக்கு அடியில விரிப்பீங்களே, அது. முன்னாடி இங்க இருந்த ஒனொரா சாமி குடுத்தாரு. நைஞ்சு போச்சு, எரிச்சிடும்மான்னாரு."

"எரிச்சீங்களா?"

"இதோ இருக்கே ஃபாதர்."

ரோஸெத் எழுந்தாள். "என் மீனு வெயில்ல கெடக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள். வெளியே இருட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் எரிக்கல?"

"நாப்பது வருஷம் நானே தேச்ச துணி ஃபாதர். என் கையாலயே எப்படித் தீ வைக்கிறது? இதை விரிச்சா, இதுமேல யாரும் பொய் சொல்ல மாட்டாங்கன்னு தோணிச்சு. நானும் சொல்லக் கூடாதுன்னுதான் விரிச்சேன்."

"அந்த அப்பம் இதுமேல ஆண்டவரோட உடலா இருந்திருக்கு மதாம். ஒன்பதா மடிக்கிறதே அதோட ஒரு துணுக்குகூட கீழ விழக் கூடாதுன்னுதானே?"

மதாம் ஜினெத்தின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அந்த மடிப்பை ஆயிரம் தடவை மடித்தவர் அவர். காரணமும் தெரியும். ஆனால் தன் கை வேலை என்று மட்டுமே அந்தத் துணியைப் பார்த்துப் பழகிவிட்டார். சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். துணியை ஒன்பதாக மடித்து நீட்டினார்.

ஃபாதர் அதை வாங்கிக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்: "இப்படி இருந்தா ஞானத்தாய் பத்திரத்துல உங்க பேரை நான் எழுத முடியாது. சீட்டை விடணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

கொரின் கொதித்தாள். "வேற கோயிலுக்குப் போவோம் பெரியம்மா. மார்செய்யில கோயிலுக்கா பஞ்சம்?"

"அங்க போயி சீட்டு பாப்பியான்னு கேட்டா, இல்லன்னு சொல்லவா? குழந்தை தலைல தண்ணி ஊத்தற அன்னிக்கே பொய்யா?"

நான் என் படிப்பைக் காட்டினேன். "திருச்சபைச் சட்டத்துல சீட்டுன்னு ஒரு வார்த்தை இருக்காது மதாம். நூலகத்துல பாத்துச் சொல்றேன்."

"நீ பாரு. நான் தேய்க்கிறேன்."

பார்த்தேன். ஞானப்பெற்றோர் விசுவாசத்துக்கு ஏற்ற வாழ்க்கை நடத்த வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அது போதும், ஃபாதர் பக்கம்தான் நியாயம். அதைச் சொல்ல மனம் வராமல் மூன்று நாள் கடைப்பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை போனபோது ரோஸெத் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் பாக்குறியே, உனக்கு ஒரு தடவை போட்டுப் பாரேன்!"

"தனக்குத்தானே போட்டா சீட்டு பல்லிளிக்கும்டி. தெரியாதா உனக்கு?" பாப்பரசரை மட்டும் கட்டிலிருந்து உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். "இதுக்குச் சீட்டு வேண்டாம். எனக்கே தெரியுது," என்றார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் என்னையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் போனார். ஃபாதர் அந்தத் துணியை இன்னும் எரிக்கவில்லை. அவருக்கும் மனம் வரவில்லையோ என்னவோ. மதாம் ஜினெத்தே அதை அடுப்பில் வைத்தார். சாம்பலைத் தட்டில் அள்ளி, கொல்லையில் லொக்காட் மரத்தடியில், யார் காலும் படாத இடத்தில் இருவருமாகப் புதைத்தார்கள்.

"துணி உங்க வீட்டுது, தப்பு என்னுது," என்றார் மதாம் ஜினெத். "சீட்டு இனிமே யாருக்கும் பாக்க மாட்டேன்."

"சீட்டுக்கட்டை என்கிட்ட குடுத்துடுங்க."

"குடுக்க மாட்டேன். என் மாமியா சொத்து. நீங்க எரிச்சிடுவீங்க. எரிக்கிற வேலை எனக்கு ஒரு தடவை போதும். என் டிராயர்லயே இருக்கும், நான் தொட மாட்டேன்."

"எப்படி நம்புறது மதாம்?"

"என் வார்த்தைய நம்ப முடியலன்னா என்னை எப்படி ஃபாதர் ஞானத்தாயா ஆக்குவீங்க?"

ஃபாதர் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்து வந்து எழுதினார். இரண்டாம் தேதி காலையில், பச்சை மெழுகுவர்த்தி ஒரு கையில் எரிய, மதாம் ஜினெத் ஞானஸ்நானத் தொட்டியருகே குழந்தையை ஏந்தி நின்றார். குழந்தையின் நீள அங்கியில் ஒரு சுருக்கம் இல்லை. ரோஸெத் அழுது மூக்கைச் சிந்திய சத்தத்தில் பாதி ஜெபம் யாருக்கும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் நாலு மணிக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. அவர் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் தேய்த்துக்கொண்டே கேட்பார், வாயில் வந்ததைச் சொல்வார். ஃபாதர் ஒருமுறை எட்டிப் பார்த்து, "இது என்ன மதாம், சீட்டில்லாத சீட்டா?" என்றார். "சட்டை தேய்க்கிறேன் ஃபாதர். அவங்க வாயைத் தேய்க்க முடியல," என்று பதில் வந்தது. ஆனால் வேலை ஓய்ந்த சில வேளைகளில் அவர் விரல்கள் வெறும் கம்பளியின்மேல் மூன்று மூன்றாக நகர்வதை நான் பார்த்திருக்கிறேன். என் இறுதித் தேர்வுக்கு முன்னால், ஒரே ஒரு சீட்டு என்று கேட்டேன். முறைத்துவிட்டு, சட்டைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கஞ்சி போட்டுக் கொடுத்தார்.

இன்றைக்கும் அந்தக் கம்பளியின் சூடும் கஞ்சி வாசமும் எனக்கு எங்கேயாவது எட்டினால், கையில் இருக்கிற வேலை ஒரு நிமிடம் நின்றுவிடும்.

2011இல் மதாம் ஜினெத் கடையை மூடினார். இப்போது எழுபத்தைந்து வயது. மார்செய்க்குப் பக்கத்து ஊரான ஒபாஞில், கொரின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில் தனியாக இருக்கிறார். முழங்கால் சரியில்லை. அபொலினுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. புதன்கிழமை பள்ளி விட்டதும் ஞானத்தாய் வீட்டுக்குத்தான் போகிறாள்.