பாடியவர் பெயருக்கு ஒரு கார்டு

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கிளை நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். ஒரு நாள் காலை சின்னசேலம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் நின்றது. கடைகள் மூடின. பேப்பர் படிக்க வருகிறவர்கள்கூட வரவில்லை.

எங்கள் நூலகர் நீலமேகம் சார் கவலைப்படவில்லை. "ஆளுங்க வராட்டி இன்னாப்பா? கேட்லாக் வேல மலையாட்டம் கெடக்குது. ஒக்காரு" என்றார்.

மூன்று கார்டுகள்

புதிதாக வந்த புத்தகக் கட்டுகள் ஒரு பக்கம். காலமான ஒரு வக்கீலின் வீட்டிலிருந்து வந்த பழைய புத்தகங்கள் ஒரு பக்கம். அதில் சட்டம், சித்த வைத்தியம், ஜோசியம், மாட்டு வைத்தியம் என்று எல்லாம் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் வரவு வரிசைப்படி அக்சஷன் நம்பர் போட்டு, பொருளைப் பார்த்து கிளாஸ் நம்பர் கொடுத்து, ஆசிரியர் பெயருக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று மூன்று கார்டுகள் எழுத வேண்டும். இப்போது கம்ப்யூட்டரில் தட்டினால் வருவது, அன்றைக்கு இந்த மூன்றில் ஒன்றிலாவது இருந்தாக வேண்டும். இல்லையென்றால் புத்தகம் ரேக்கில் இருந்தும் இல்லாததுதான்.

வெள்ளிமலைக்காரர்

மத்தியானம் ஒருவர் வாசலில் வந்து நின்றார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூர்க்காரர், பெயர் வெள்ளையன். கடுக்காய் விற்க இறங்கி வந்தவர், பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டார்.

"சார், இங்க எல்லா பொஸ்தகமும் இருக்குங்களா?"

"இன்னா பொஸ்தகம் வேணும்?" என்று கேட்டேன்.

"பேரு தெர்லீங்க. எங்க வூட்டுக்காரி சடைச்சி பாட்டு அதுல இருக்குது. மெட்ராஸ்ல இருந்து ஒரு வாத்தியாரு வந்து எழுதிக்கினு போனாரு. உம்பேரு பொஸ்தகத்துல வரும்னு அவகிட்ட சொன்னாரு."

"அவங்களையே கூட்டிக்கினு வந்திருக்கலாமே?"

"அவ இல்லீங்க. ரெண்டாவது பிரசவத்துல போய்ட்டா. ஒரு போட்டோகூட கெடையாதுங்க."

நான் கார்டு டிராயரை இழுத்தேன். நாட்டுப்புறப் பாடல் என்ற தலைப்பில் இருந்த கார்டுகளை எல்லாம் பார்த்து, ஒவ்வொரு புத்தகமாக எடுத்துப் புரட்டினேன். இல்லை. பக்திப் பாடல், பழங்குடிகள், இசை என்று தேடினேன். எங்கேயும் இல்லை. மறுநாளும் பஸ் இல்லை. அவர் மறுபடி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

நீலமேகம் சார் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த வாத்தியாரு பாட்டு மட்டுந்தான் கேட்டாருங்களா?"

"இல்லீங்க. சாமை எப்ப வெதைப்பீங்க, தெனைக்கு எம்மாம் மழ வேணும்னுதான் ஜாஸ்தி கேட்டாரு. களை எடுக்கறப்ப பொம்பளைங்க பாடினாங்க, அத்தயும் எழுதிக்கினாரு."

சார் என்னைப் பார்த்தார். நான் விவசாய ரேக்குக்கு ஓடினேன். கிணறு, உரம், கரும்பு எல்லாம் தாண்டி, கீழ்த்தட்டில் பச்சை அட்டையில் ஒரு புத்தகம்: மலைப் புன்செய்ப் பயிர்கள். எங்களுக்கு முன்னால் இருந்த யாரோ தலைப்பை மட்டும் பார்த்து நம்பர் போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கங்களில் பின்னிணைப்பாக, களையெடுக்கும் பெண்களின் பாடல்கள். ஒன்றின் கீழே சின்ன எழுத்தில்: பாடியவர் சடைச்சி, வெள்ளிமலை.

நான் வாய்விட்டுப் படித்தேன்.

"மேகமே கொஞ்சம் நில்லு,
மிச்சக் களை ஒண்ணிருக்கு..."

படித்து முடிந்ததும் வெள்ளையன், "இதுல எது சார் அவ பேரு?" என்றார். காட்டினேன். விரலை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு அந்த எழுத்துகளின் மேல் வைத்தார். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை.

"நான் ஜாமீன் கையெழுத்துப் போடறேன், எடுத்துக்கினு போங்க" என்றேன்.

"வேணாங்க சார். எங்க வூட்டுல மழத்தண்ணி எறங்கும், நனஞ்சிடும். இங்கியே இருக்கட்டும். அவ ஒரு எடத்துல இருக்கான்னு இருக்கும்."

பஸ் ஓடத் தொடங்கும்வரை தினமும் வந்து அந்தப் பாட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசி நாள் நான் படிக்கப் படிக்க அவர் உதடும் கூடவே அசைந்தது.

ஆய்வு

அவர் போன பிறகு ஒரு கார்டு எழுதினேன். சடைச்சி, வெள்ளிமலை. ஆசிரியர் டிராயரில் செருகினேன். அடுத்த இன்ஸ்பெக்‌ஷனில் அதிகாரி அதை உருவி எடுத்தார். "பாடினவங்கல்லாம் ஆசிரியரா? எந்த ரூல்ல இருக்கு?"

"ரூல்ல இல்லீங்க. இந்தப் பேர வெச்சிதான் ஒருத்தர் தேடி வந்தாரு" என்றார் நீலமேகம் சார்.

அதிகாரி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எடுத்த இடத்திலேயே செருகிவிட்டு அடுத்த டிராயரை இழுத்தார்.

வெள்ளையன் அப்புறம் வரவில்லை. மேற்கே மலைமேல் மேகம் இறங்கும் நாட்களில் நான் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். சில வருஷங்கள் கழித்து வெள்ளிமலைக்குப் போய் விசாரித்தேன். மகளோடு ஏதோ காப்பித் தோட்டத்துக்குப் பிழைக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. சாமைக் காட்டு ஓரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தேன். இன்றைக்கும் அவர் எங்கே இருக்கிறாரோ என்று நினைக்காத மழைக்காலம் இல்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தலைப்பை மட்டும் பார்த்து நம்பர் போடாதீர்கள். கடைசிப் பக்கம்வரை புரட்டுங்கள். அங்கே யாருடைய மனைவி இருக்கிறாளோ, நமக்குத் தெரியாது.