அண்ணாருடைய பார்வையும் என் கோபமும்

எங்கள் அண்ணார் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர்களுடைய நற்குணங்களை இங்கே கூடியிருக்கும் உறவினரும் நண்பர்களும் அறிவீர்கள். அவர்களுடைய கண்ணைப் பற்றி நான் கொண்டிருந்த தப்பெண்ணத்தை அறிந்தவர்கள் சிலரே. அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

அண்ணார் பிறந்தது விரிஞ்சிபுரம். தகப்பனார் காலமானபோது அவர்களுக்குப் பதினான்கு வயது. தாயாரையும் என்னையும் அழைத்துக்கொண்டு ஆம்பூருக்கு வந்து தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் சேர்ந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் தொடங்கி, பதனிட்ட ஆட்டுத்தோலைத் தரம் பிரிக்கும் வேலைக்கு உயர்ந்தார்கள். உண்ணி கடித்த தழும்புகூட அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

அறுபதைத் தாண்டிய பின் ஒருநாள் தச்சரை வரவழைத்து, வாசற்கால் வளைந்துவிட்டதென்று கடிந்துகொண்டார்கள். தச்சர் நூல் பிடித்துப் பார்த்தார்.

"நேராத்தாங்க இருக்குது. இன்னா கோணல் சொல்றீங்க?"

"நடுவுல நெளியுதேப்பா! உனக்குத் தெரியல?"

எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சில மாதங்களில் மூன்றாந்தரத் தோல்கள் முதல்தரக் கட்டுகளில் போய்ச் சேர்ந்தன. முதலாளி சாயபு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணாரே வேலையிலிருந்து நின்றுகொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவைதான் என்னைக் குழப்பின. வீட்டில் எதிலும் இடித்துக்கொள்ளாமல் நடப்பார்கள். ஓரமாக நுழையும் கோழியை விரட்டுவார்கள். ஆனால் என் மகளைத் தம் மகனுக்குப் பெண் கேட்டு வந்தவர் நேர் எதிரில் நின்று கும்பிட்டபோது, பதிலுக்குக் கும்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர் முகம் சுண்டிப்போய், வைத்த காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கோழி தெரியுது, கீழ கெடக்கற ஊசி தெரியுது. எதிர்ல நிக்கிற மனுசன் மட்டும் தெரியலியா?" என்றேன்.

"தெரியலடா. உன்னையேதான் பாக்கறேன், காது ரெண்டும் தெரியுது. மூஞ்சி இருக்கற எடத்துல புகை மாதிரி இன்னாவோ நிக்குது."

இப்படியும் ஒரு குருடு உண்டா? பாசாங்கு என்றே நினைத்தேன். நான் பேசும்போதெல்லாம் அவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது என்னை மேலும் சுட்டது. ஏழு மாதம் அண்ணார் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

கடைசியில் அண்ணியார் தாமே வந்தார்கள். "வேலூருக்கு கண் டாக்டர்கிட்ட போறோம் தம்பி. நீயும் வந்து உன் காதால கேளு."

டாக்டர் இருட்டறையில் விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு நெடுநேரம் சோதித்தார். கண்ணுக்குள் இருக்கும் திரையின் நடுவிடம் வயதினால் பழுதாகிவிட்டது என்றார்.

"புரையா இருந்தா அறுத்து எடுத்துடலாமே?" என்று கேட்டேன்.

"புரை முன்னால வர்றது. இது உள்ள, பின்னால. இதுக்குக் கத்தியும் இல்ல, மருந்தும் இல்ல. ஆனா ஓரப் பார்வை போவாது. நேரா பாத்தா மறையும், கொஞ்சம் ஒதுங்கிப் பாத்தா தெரியும். அதான் மூஞ்சிய திருப்பறார்."

நான் அண்ணாரைப் பார்த்தேன். அவர்கள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்கள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுண்ணாம்பா, வெயிலா, சுருட்டா, எது காரணமென்று கேட்டேன். "வயசுதான். மத்தது எனக்கும் தெரியாது" என்றார் டாக்டர். அன்றே அண்ணார் சுருட்டை விட்டார்கள். அதனால் பலன் உண்டோ இல்லையோ, எனக்கு இன்றும் தெரியாது.

பெண் கேட்டவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் மறுநாளே அண்ணாரிடம் வந்து தம் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார். கல்யாணத்தன்று அண்ணார் தலையைச் சாய்த்து மணமகனைப் பார்த்து, "மாப்ளைக்கு மூக்கு கொஞ்சம் ஜாஸ்தி" என்றதும் மணவறையே சிரித்தது. அதன்பின் மூன்றாண்டுகள் இருந்து, நான்கு நாள் காய்ச்சலில் அமைதியாகக் கண்மூடினார்கள்.

பொறுமையாக விளக்கிய டாக்டருக்கும், மனம் ஆறி வந்த சம்பந்தியாருக்கும், கடைசிவரை வந்து பார்த்த சாயபுக்கும், தோள் கொடுத்த ஷாப்பு ஆட்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். வயதானவர்கள் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடி எழுத்து வரியைப் பாருங்கள். வரி நெளிந்தால் டாக்டரிடம் போகத் தாமதிக்காதீர்கள்; மருந்து இல்லாவிட்டாலும் என்னவென்றாவது விளங்கும்.

எங்கள் வீட்டார் யாரேனும் உங்களைக் கண்டும் காணாமல் போனால், கோபிக்கும் முன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். எனக்கு அது ஏழு மாதம் தோன்றவில்லை.