மேகம் அறுபத்தைந்து லெவல்

மழை மேகம் தரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் என்று மிஸ் கரும்பலகையில் எழுதியபோது, எங்கள் ஐந்தாம் வகுப்பில் ஒருத்தருக்கும் ஆச்சரியம் வரவில்லை. கோலார் தங்கவயலில் தூரம் என்றால் பூமிக்குள் இறங்குகிற தூரம்தான். சுரங்கத்தில் நூறடிக்கு ஒரு லெவல். கணக்குப் போட்டுப் பார்த்தோம். மேகம் அறுபத்தைந்து லெவல். அட, இவ்வளவுதானா! எங்கள் சுரங்கமே நூறு லெவலைத் தாண்டிப் போகிறதே.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எழுந்து நின்று, "எங்கப்பா மேகத்தவிட தூரம் போய்ட்டு வந்துகீறாரு மிஸ்" என்றேன்.

பக்கத்து பெஞ்சுக்காரி கொல்லென்று சிரித்தாள். அவளுடைய அப்பா வருஷக்கணக்கில் கீழே இறங்கி வேலை பார்த்தவர். "சொம்மா அளக்காதடி! உங்கப்பா மேல நின்னு மணி அடிச்சவரு. கீழ எங்க போனாரு?"

மணி அடித்தது வாஸ்தவம். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றின் வாயில் நின்று, ஆட்கள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறியதும் அதை இறக்கச் சொல்லி மணி அடிப்பதுதான் அப்பாவின் வேலை. அதற்காகக் கீழே போனதே இல்லை என்றாகிவிடுமா? வகுப்பே என்னைப் புளுகுணி என்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எங்கப்பாவையே கூட்டினு வரேன், கேட்டுக்கோங்க" என்று சவால் விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

சுரங்கத்தை மூடி அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா விடிகாலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அம்மா சீறினாள். "இன்னாத்துக்குடி உனக்கு இந்த வேல? அவர விடு." அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை லீவு போட்டு வருவதாகச் சொன்னார்.

இஸ்திரி போட்ட சட்டையில் வந்து மிஸ்ஸுக்கு வணக்கம் வைத்தார். "போயிருக்கேன்" என்றார். அதோடு முடிந்திருக்கும். பிள்ளைகள் விடவில்லை. கீழே எப்படி இருக்கும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

அப்பா மேஜையைப் பிடித்துக்கொண்டார். "கேஜ் எறங்க சொல்ல வயிறு தொண்டைக்கு வந்துடும். காது அடைச்சிக்கும். கீழ போகப் போக, இட்லி குண்டானத் தொறந்தா மாதிரி ஆவி. பாறை எங்கியோ சடசடன்னு முறியும். லைட்ட அணைச்சா நம்ம கையே நமக்குத் தெரியாது."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். சட்டை முதுகோடு ஒட்டுகிற அளவுக்கு வேர்த்துவிட்டது. என்னமாய் நடித்துக் காட்டுகிறார் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

திங்கட்கிழமை பக்கத்து பெஞ்சுக்காரி தானாகவே வந்தாள். "எங்கப்பாகிட்ட கேட்டேன்டி. ரெண்டு பேரும் ஒண்ணாதான் எறங்கனாங்களாம்" என்றாள். நாங்கள் சிநேகிதிகளாகிவிட்டோம்.

என் கல்யாணத்துக்குப் பிறகுதான் அம்மா மீதியைச் சொன்னாள். அப்பா சுரங்கத்துக்குள் போனது ஒரே ஒரு நாள். வேலைக்குச் சேர்ந்த முதல் ஷிஃப்ட். கீழே இறங்கியதும் மூச்சு முட்டி, பயந்து, வாய்விட்டு அழுதிருக்கிறார். கையைப் பிடித்து அடுத்த கேஜிலேயே மேலே கூட்டிவந்தவர், என் சிநேகிதியின் அப்பா. அதன்பிறகு அப்பா கேஜுக்குள் கால் வைக்கவே இல்லை. பார்த்துப் பார்த்து மேலேயே ஒரு வேலை கொடுத்தார்கள். அத்தனை வருஷத்தில் கூட வேலை பார்த்த ஒருத்தர்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லையாம். கேட்டதும் எனக்கு, நாங்கள் சிநேகிதிகளான அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம், ரயிலிறங்கி வந்தவரை வாசலிலேயே மறித்துக்கொண்டு நான் கேட்டேன். "அப்பா, பக்கத்து கிளாஸ் பசங்களுக்கும் கேக்கணுமாம். இன்னொரு வாட்டி வந்து சொல்லுப்பா. அதே மாதிரி வேர்க்க வேர்க்க சொல்லணும்."

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"செரிம்மா" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார்.