செவ்வாய்க்கிழமை வட்டம்

ஊரில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பாரீசுக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரி அறையில், செவ்வாய்க்கிழமைதோறும் பெரியவர்கள் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து படம் பார்த்துப் பெயர் சொல்கிறோம். குடை, நாற்காலி, நாய். எல்லோரும் பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள். மனைவி ஸ்டெல்லாவின் பிரெஞ்சுக் குடியுரிமையில் இங்கு வந்து பதினோரு வருடம் நான் பேசிய பிரெஞ்சு, ஒரு காலையில் துடைத்ததுபோல் போய்விட்டது. தமிழ் மட்டும் தட்டுத்தடுமாறி மிஞ்சியது.

பயிற்சி தரும் க்ளேர் இளம்பெண். முதல் வாரம் மீன் படத்தைக் காட்டினாள். "வஞ்சிரம்" என்றேன். "நோன், மிஸ்யே", இல்லை ஐயா, என்றாள். உரக்கச் சொன்னேன். உளறுகிறேன் என்று நினைத்துக் கையைத் தட்டிக்கொடுத்தாள். மற்றவர்கள் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

புதுச்சேரியில், தட்டாஞ்சாவடி லேத் பட்டறையில் வேலை செய்த காலத்தில், ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் ஸ்டெல்லாவும் பெரிய மார்க்கெட்டுக்குப் போவோம். மீன் விற்கும் அஞ்சலை தூரத்திலேயே கூப்பிடுவாள். "வாண்ணா, செவுளத் தொறந்து பாரு, காலைல வந்தது!" வேண்டுமென்றே முகம் சுளிப்பேன். "பாத்துட்டுப் பேசுண்ணா!" என்று சண்டைக்கு வருவாள். அந்தச் சண்டைக்காகவே போவேன். அங்கே நான் சொல்வது யாருக்கும் புரியாமல் போனதில்லை.

மறுவாரம் போக மறுத்தேன். "என்னப் பைத்தியம்னு நெனைக்கிறாங்க."

"எழுந்திருங்க, நானும் வர்றேன்" என்றாள் ஸ்டெல்லா.

வந்து, வஞ்சிரம் எங்கள் ஊர் மீன், அவர் சரியாகத்தான் சொன்னார் என்று பிரெஞ்சில் விளக்கினாள். க்ளேரின் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி, எல்லோரையும் சொல்லச் சொன்னாள். வட்டத்தில் இருந்த பழைய பஸ் டிரைவர் ரொபேருக்கு, ஆம் என்கிற 'வுய்' தவிர எதுவும் வராது. அவர் வாயைக் கோணி, வியர்த்து, "வான்சிராம்" என்றார். அறையே கைதட்டியது. நான் அழுதுவிட்டேன்.

அன்றிலிருந்து வாரம் ஒரு சொல் நான் கொடுத்தேன். அவர்கள் எனக்குத் தங்கள் சொற்களைக் கொடுத்தார்கள். வசந்தம் வருவதற்குள் பிரெஞ்சு துண்டுதுண்டாகத் திரும்பியது.

போன ஞாயிறு, போன் கார்டு வாங்கி அக்காவை அழைத்தேன். அவள் பக்கம் ஆட்டோ ஹாரனும் கோயில் மணியும் கேட்டன.

"எப்படா வருவ?"

"பியேந்த்தோ" என்றேன்.

"என்னாது? புரியலயே."

வாயில் வந்தது பிரெஞ்சு; சீக்கிரம் என்ற அந்தச் சின்னத் தமிழ்ச் சொல் நாவுக்கு வரவில்லை. "சொல்லுப்பா, இருக்கியா?" என்று அக்கா கேட்டுக்கொண்டேயிருந்தாள். நான் ரிசீவரைக் காதோடு அழுத்தியபடி அவளுடைய தெருவின் சத்தத்தைக் கேட்டு நின்றேன்.