அத்தை பிரிக்கச் சொன்ன போர்வை

என் அத்தைக்குக் குரோஷா ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஏழெட்டு மாதம் என் பின்னலில் ஓயாமல் குறை கண்டுபிடித்தவர் அவர்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவைச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்பா கூடவே தங்கிவிட்டார். என்னை நாமக்கல்லிலிருந்து பஸ் ஏற்றி, கொல்லிமலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியிலிருந்த அப்பாவின் அக்கா வீட்டில் விட்டார்கள். முழுப்பரீட்சை லீவு முடிவதற்குள் திரும்பிவிடலாம் என்றார்கள். லீவு முடிந்தது. என்னைச் செம்மேட்டில் பள்ளிக்கூடம் சேர்த்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது அம்மா ஒரு பை நிறைய உல்லன் நூலும் ஊசியும் கொடுத்திருந்தாள். கைவேலை வகுப்பில் கைக்குட்டை அகலத்துக்கு ஒன்று பின்னியிருந்தேன், அவ்வளவுதான் என் வித்தை. அம்மாவோ கட்டில் அளவுக்குப் போர்வை கேட்டாள். ஃபோனில் பேசும்போதெல்லாம், "நீ அத முடிக்கறதுக்குள்ள நான் வந்துருவேன் சாமி" என்பாள். நான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டேன். போர்வை முடிந்தால் அம்மா வருவாள், முடியாதவரை வரமாட்டாள். அம்மாவை வரவழைப்பது என் கையில்தான் இருக்கிறது! அந்த வயதில் இதைவிடப் பெரிய உத்தியோகம் யாருக்குக் கிடைக்கும்?

நூற்றிருபது கண்ணி போட்டு ஆரம்பித்தேன். அத்தையும் மாமாவும் விடிந்ததும் மிளகுத் தோட்டத்துக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவார்கள். பள்ளி விட்டு வந்தால் பூட்டிய வீடு. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வேறு வீடும் கிடையாது. நானே பூட்டைத் திறந்து, கட்டிலில் உட்கார்ந்து, கண்ணிகளை வாய்விட்டு எண்ணுவேன். கணக்குத் தவறாமல் இருக்கத்தான் என்று சொல்லிக்கொண்டாலும், உண்மையில் அந்த வீட்டுக்குள் ஏதாவது ஒரு குரல் கேட்க வேண்டும், அதற்காகத்தான். எழுபது, எண்பது வரும்போது மேகம் வாசல்வரை இறங்கிவிடும். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வரும்.

அழுதுகொண்டு பின்னிய வரிசை கயிறு மாதிரி இறுகிவிடும். அம்மா ஃபோனில் பேசிய நாளில் பின்னியது தொளதொளவென்று கிடக்கும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுவிட்டுத் திரும்புகிற பழக்கம் வேறு. இரண்டு முழம் போவதற்குள் போர்வை ஒரு பக்கம் கூம்பிப் போயிற்று.

"ஏங்கண்ணு, இதப் போத்துனா உங்கம்மாளுக்கு ரெண்டு காலும் வெளிய நிக்குமே! பிரிச்சுப் போட்டு ஒழுங்காப் பின்னு" என்றார் அத்தை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, முதல் தடவை பிரித்தது நியாயம்தான்.

இரண்டாம் தடவை உஷாராகிவிட்டேன். ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்தேன். ஓரம் நேராக வந்தது. ஆடிக்காற்று அடித்து ஓய்வதற்குள் கட்டிலில் முக்கால்வாசி எட்டிவிட்டது. தோட்டத்திலிருந்து வந்த அத்தை, கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"நடுவால பாரு, இங்க நெருக்கமா இருக்குது, அங்க தொளதொளன்னு கெடக்குது. பிரிச்சுரு சாமி."

"எத்தன வரிசைங்க அத்தை?"

"எல்லாத்தையுந்தான்."

மூன்றாம் தடவை நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தேன். இழுப்பு ஒரே சீராக வந்தது. அழுகை வந்தால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து பின்னினேன். ஐப்பசி மழையில் இன்னும் நான்கே வரிசை பாக்கி. அத்தை திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு கண்ணியைத் தொட்டு, "இது கோணலா இருக்குது" என்றார்.

"இல்லீங்க அத்தை, நேராத்தான் இருக்குது!"

"எனக்குக் கோணலாத்தான் தெரியுது."

என் முகத்தைப் பார்க்காமல் அவரே நூலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். சரசரவென்று பிரிந்தது. "எங்கம்மா வாரது உங்களுக்குப் புடிக்கல! என்னைய இங்கயே வெச்சுக்கப் பாக்கறீங்க!" என்று கத்தினேன். அவருக்குக் குழந்தை இல்லை. எங்கே அடித்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அத்தை நூலை உருண்டையாகச் சுற்றி என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அதன்பின் பல நாள் நான் அவரிடம் பேசவில்லை. மாமா அதிகம் பேசமாட்டார்; அந்த வீட்டில் எனக்குப் பேச இருந்ததே அத்தை ஒருவர்தான்.

பிரிக்கச் சொன்ன நாளெல்லாம் அப்பா அத்தையிடம் தனியாக ஃபோனில் பேசிய நாள் என்று பல வருஷம் கழித்து மாமா சொன்னார். அம்மாவை இப்போதைக்குக் கூட்டி வர முடியாது என்று அப்பா சொல்லியிருப்பார். முடிந்த போர்வையை வைத்துக்கொண்டு நான் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை அத்தையால் தாங்க முடியாதாம். அதை யாராவது ஒரு பாவி எனக்கு அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா!

நான்காம் தடவை வீம்புக்குப் பின்னினேன். இறுக்கம், தொளதொளப்பு, விட்டுப்போன கண்ணி என்று ஒரு குறை பாக்கியில்லை. மார்கழியில் ஒரு காலை, ஃபோன் பேசி முடித்த அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாதிகூட ஆகாத போர்வையைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா இருக்குது கண்ணு. இதே போதும், முடிச்சுரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கோணலா இருக்குதுங்க அத்தை. பிரிச்சரட்டுங்களா?"

"வேண்டாஞ் சாமி. நாளைக்கு உங்கம்மா வாரா. ஆஸ்பத்திரில ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்களாம்."

ஊசியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன். பஸ் நிற்கிற இடம்வரை எதிரில் வந்த ஒவ்வொருவரிடமும், "எங்கம்மாள ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். விறகுச் சுமையோடு வந்த ஒரு அக்கா சுமையை அப்படியே கீழே போட்டுவிட்டு என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். இவ்வளவு நல்ல சேதிக்கு ஏன் ஒருவரும் சிரிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.