அறுபத்திரண்டு காணிகளின் படம்

யாழ்ப்பாணத்தில் குலேந்திரன் நில அளவைத் திணைக்களத்துப் படவரைஞர். ஒஸ்லோவில் மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவுபவர். தொழில் மாறினாலும் கை மறக்கவில்லை.

2004ஆம் ஆண்டு அது. சண்டை ஓய்ந்து இரண்டு வருடம் கழிந்தும் வசாவிளான் கிராமத்தில் அவருடைய குறிச்சிக்கு யாரும் திரும்ப முடியவில்லை. ஊர் பலாலி இராணுவ முகாமின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. சமாதானம் பேசவைத்த நோர்வேயில் இதை அறிந்தவர்கள் சிலரே. உள்ளூர் நோர்வேப் பத்திரிகைக்காரி ஒருத்தி, சனிக்கிழமை ஹவுகெட்டோ மண்டபத்தில் நடக்கும் ஊர்ச் சங்க ஒன்றுகூடலுக்கு அரை மணி நேரம் வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் எழுதினால் நாலு பேருக்குத் தெரியவரும், இல்லாவிட்டால் இல்லை.

அவளுக்குக் காட்டவென்று குலேந்திரன் ஸ்தவாங்கர் வரை சிதறியிருந்த ஊரவர்களிடம் தொலைபேசியில் விசாரித்து, குறிச்சியின் அறுபத்திரண்டு காணிகளையும் கிணறுகளோடு ஒரு தாளில் வரைந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை, ஊரில் பக்கத்துக் காணிக்காரரான சபாரத்தினம் ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியிலிருந்து ரயிலேறிக் குலேந்திரன் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றுமுன்பே படத்தில் விரலை வைத்தார்.

“வேலி என்ரை பக்கம் மூண்டு முழம் வந்திட்டுது, குலேந்திரன்.”

“கொய்யாவோடை நிண்ட வேலிக் கதியால்தானே அண்ணை எல்லை?”

“அந்தக் கதியாலை நான் கோயிலுக்குப் போன நேரம் பாத்து நட்டது உம்மடை ஐயா.”

“செத்த மனிசனை இழுக்காதேங்கோ.”

“இதை இப்பிடியே தொங்கவிட்டீரெண்டா, படம் பொய் எண்டு அந்தப் பத்திரிகைப் பிள்ளைக்கு நானே சொல்லுவன்.”

தேநீர் கொண்டுவந்த குலேந்திரனின் மனைவி சத்தியபாமா, “ரெண்டு பேரும் ஆமிக்காரனிட்டைக் கேளுங்கோவன். அவன்தானே பதினாலு வருசமா அங்கை குடியிருக்கிறான்” என்றார்.

சபாரத்தினம் தேநீரைக் குடித்து முடித்தார். குலேந்திரன் அழிறப்பரை எடுத்து, எல்லைக் கோட்டைத் தம் காணிக்குள் மூன்று முழம் தள்ளி வரைந்தார்.

“ஓம், இப்ப சரி” என்றார் சபாரத்தினம்.

மறுநாள் பத்திரிகைக்காரி படத்தின் முன் நின்று ஒழுங்கைகளையும் கிணறுகளையும் பார்த்தாள்.

“அழகாக இருக்கிறது. முகாம் எங்கே?”

“முகாமை வரையவில்லை” என்றார் குலேந்திரன். அவர் வரைந்தது தொண்ணூறில் விட்டுவந்த ஊரை.

“அப்படியானால் நீங்கள் திரும்பிப் போகலாமே?”

அவள் ஏளனம் செய்யவில்லை; உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“முகாமைக் கீறுமன், ஐசே!” சபாரத்தினம் சிவப்புப் பேனையை நீட்டினார்.

குலேந்திரன் தாளின் வடக்கு ஓரத்தில் பேனையை வைத்தார், எடுத்தார். தெற்கு ஓரத்துக்குப் போனார். எங்கும் கோடு போட முடியவில்லை. முகாமின் எல்லை அந்தத் தாளுக்கு வெகு தூரம் வெளியே இருந்தது.

சபாரத்தினம் உள்ளே போய், சாப்பாட்டு மேசைக்கு விரிக்கும் வெள்ளைக் கடதாசிச் சுருளோடு வந்தார். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்தார்கள். அவர் கடதாசியைச் சுற்றிவர உருட்டிக் கொடுக்க, குலேந்திரன் முழந்தாளில் நகர்ந்தபடி சிவப்புக் கோட்டை இழுத்துக்கொண்டு போனார். இருந்தவர்கள் கதிரைகளைத் தூக்கி வழிவிட்டார்கள். கோடு சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் முட்டியபோது மண்டபத்தின் பாதி அதற்குள் போய்விட்டது.

பத்திரிகைக்காரி கதிரையில் ஏறி நின்று புகைப்படம் எடுத்தாள். இறங்கி, குறிப்பேட்டில் புதிய பக்கம் ஒன்றைத் திருப்பினாள்.

“ஊரின் பெயரைச் சொல்லுங்கள், மெதுவாக.”

குலேந்திரன் எழுத்துக் கூட்டிச் சொன்னார்.