துணைக்கு மாட்டிய பெயர்

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனிதன் மனிதனாகவே தெரிவதில்லை. காதில் எதையோ செருகிக்கொண்டு, கைபேசியைப் பார்த்தபடியே என் மேஜையைத் தாண்டிப் போவார்கள். காவலுக்கு உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு தலையாட்டல்கூடக் கிடையாது. படிக்காத கிழவன்தானே என்ற நினைப்பு. இப்படிப்பட்டவர்களை மகிழ்விக்கப் பொய் சோடிக்க வேண்டிய தலையெழுத்து எனக்கில்லை. நான் சொல்லப்போவது நடந்தது. பேய் பிசாசை நான் நம்பியதே இல்லை. கோயிலுக்கும் போகமாட்டேன், சர்ச்சுக்கும் போகமாட்டேன். ஆனால் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்குத் தெரியாது.

தேஜோன் நகரத்தில், ஆராய்ச்சி ஆராய்ச்சி என்றே உயிரை விடும் ஓர் அறிவியல் பல்கலைக்கழகம். அதில் ஒரு கட்டடத்துக்கு நான் காவல். அங்கே மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கீழ்த்தளத்தில் தூசி இல்லாத அறை ஒன்று இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை மாட்டிக்கொள்வார்கள். முகமூடி, கண்ணாடி, கையுறை. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அப்புறம் ஒரு சின்னக் கூண்டுக்குள் நிற்க வேண்டும். நாலு பக்கமும் "உஸ்ஸ்ஸ்..." என்று காற்றடித்து ஒட்டியிருக்கும் தூசியைத் தட்டிவிடும். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு எண் எரியும். உள்ளே எவ்வளவு தூசி என்று அது காட்டும். ஆள் இல்லையென்றால் சைபர். ஆள் நுழைந்தால், என்னதான் போர்த்தியிருந்தாலும், எண் ஏறும்.

அங்கே கண்டிப்பான விதி ஒன்று உண்டு. ஒற்றை ஆளாக உள்ளே போகக்கூடாது. ஒருவர் வேலை செய்ய, இன்னொருவர் துணைக்கு நின்று பார்க்க வேண்டும். என் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை. இடப்பக்கம் 'வெளியே', வலப்பக்கம் 'உள்ளே'. உள்ளே பக்கத்தில் இரண்டு பெயர் அட்டைகள் தொங்கினால்தான் நான் பொத்தானை அமுக்கிக் கதவைத் திறப்பேன்.

பிள்ளைகள் அதிலும் தில்லுமுல்லு கண்டுபிடித்திருந்தார்கள். துணைக்கு ஆள் கிடைக்காத நாளில், ஊரில் இல்லாத ஒருவனின் அட்டையை எடுத்து மாட்டிவிடுவார்கள். போனவர்களின் பழைய அட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். அதிலிருந்தும் எடுப்பார்கள்.

அன்றைக்குச் சந்திரப் புத்தாண்டு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வளாகத்தில் ஈ காக்கை இல்லை. மதியம் இரண்டு மணிக்கு ஹான்சோல் வந்தான். முனைவர் பட்டத்துக்கு ஏழாவது வருஷமாக மல்லுக்கட்டும் பையன். சோறு தண்ணீர் இல்லாத முகம். டப்பாவைக் கிளறினான், பலகையில் எதையோ மாட்டினான்.

"தாத்தா, கதவத் திறங்க."

பார்த்தேன். ஹான்சோல். பக்கத்தில் இன்வூ.

"யார்றா இந்த இன்வூ?"

"எங்க லேப்தான். முன்னாடியே உள்ள போயிட்டான்."

"என்னைத் தாண்டி எப்படிடா போனான்? காத்தாப் போனானா?"

"நீங்க தூங்கிட்டு இருந்திருப்பீங்க."

"உங்கப்பன் தூங்குனான். அவன் ஷூ எங்க?"

ஷூ அடுக்கில் அவனுடைய ஜோடி மட்டும்தான் இருந்தது. பையன் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"தாத்தா, நாளைக்குக் காலையில ரிசல்ட் குடுக்கணும். இதான் கடைசி வாய்ப்புன்னு சார் சொல்லிட்டாரு. இல்லன்னா ஏழு வருஷமும் குப்பை. பண்டிகை நாள்ல யாரைப் போய்க் கூப்பிடுவேன்?"

"அதுக்கு எவனோ ஒருத்தன் பேரை மாட்டுவியா?"

"எவனோ இல்ல. அவனுக்கு நான் ஒரு தடவை துணைக்கு இருந்திருக்கேன். இன்னைக்கு அவன் முறை."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அழுகையை அடக்குகிறவன் சிரிப்பு.

"மரியாதையா வீடு போய்ச் சேரு. உள்ள ஆள் இருக்கான்னியே, இந்தா, நீயே பாரு!" என்று கேமராத் திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

திரையில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தது.

மஞ்சள் வெளிச்சத்தில், கடைசி மேஜைக்குப் பக்கத்தில், வெள்ளை உடையில்...

ஹான்சோல் திரையையே பார்த்தான். அவன் உதடு வெளுத்தது. திரையில் விரலை வைத்து, "அவன்தான்," என்றான்.

"அப்புறம் ஏன்டா முழிக்கிற?"

"கதவத் திறங்க தாத்தா."

விதி இரண்டு பேர் என்றது. இரண்டு பேர் இருந்தார்கள். பொத்தானை அமுக்கினேன். "உஸ்ஸ்ஸ்..." அவன் உள்ளே போனான். அப்போதுதான் கதவுக்கு மேலே பார்த்தேன். சைபராக இருந்த எண் மெல்ல ஏறத் தொடங்கியது.

அதுவரை சைபர்.

அப்படியென்றால் முதலில் நின்றவன்...? எந்திரம் கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே எதுதான் ஒழுங்காக ஓடுகிறது?

கொஞ்ச நேரத்தில் துப்புரவு வேலை பார்க்கும் ஒக்பூன் வந்தாள். பல வருஷமாக அந்தக் கட்டடத்தைக் கூட்டுகிறவள். வாளி பிடிக்கும் கையில் அன்றைக்குத் தூக்குப் பாத்திரம்.

"இந்தாய்யா, அரிசிவில்லை சூப். புத்தாண்டுக்கு இதக் குடிச்சா ஒரு வயசு கூடும்."

"இருக்கிற வயசையே தூக்க முடியல. நீ வேற."

"குடிக்காட்டி மட்டும் குமரனாயிடுவியாக்கும். உள்ள எத்தனை பேரு?"

"ரெண்டு."

ஷூ அடுக்கைப் பார்த்தாள். "ஒரு ஜோடிதானய்யா இருக்கு. இன்னொருத்தன் பறந்து வந்தானா?"

"உன் சோலியப் பாரு."

அவள் சிரித்துக்கொண்டே இரண்டு கிண்ணம் அதிகமாக ஊற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். பலகைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

நான் திரையைப் பார்த்தபடி சூப்பைக் குடித்தேன். ஹான்சோல் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். மற்றவன் அவன் முதுகுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில். கை அசையவில்லை. தலை அசையவில்லை. நல்ல துணைதான் என்று நினைத்தேன்.

அடுத்த முறை பார்த்தபோது இன்னும் நெருங்கி நின்றான்.

அதற்கடுத்த முறை... அவன் முகமூடி ஹான்சோலின் காதோடு ஒட்டியிருந்தது. ஏதோ சொல்கிற மாதிரி. ஹான்சோல் வேலையை நிறுத்தவில்லை. ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று நாற்பது.

"உஸ்ஸ்ஸ்..."

காற்றுக்கூண்டு ஓடியது. யாரோ வெளியே வருகிறார்கள். எழுந்து நின்றேன்.

கூண்டின் கதவு திறந்தது.

யாரும் இல்லை.

ஜில்லென்று ஒரு காற்று என்னைத் தாண்டிப் போனது. அவ்வளவுதான்.

திரையைப் பார்த்தேன். ஹான்சோல் மட்டும். நாலு பக்கமும் திரும்பித் திரும்பித் தேடிக்கொண்டிருந்தான். சுவரில் இருந்த பேசும் பெட்டி கரகரத்தது.

"தாத்தா... இன்வூ வெளிய வந்தானா?"

"யாரும் வரலடா."

"போயிட்டான்..."

"யார்றா போனது?"

"என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டான் தாத்தா..."

"நீயும் வெளிய வா! உடனே வா!"

கரகரப்பு. பிறகு அதுவும் இல்லை.

பலகைப் பக்கம் திரும்பினேன். உள்ளே பக்கத்தில் ஹான்சோல் மட்டும். இன்வூ 'வெளியே' பக்கத்தில் தொங்கினான்.

அட்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது...

கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் நான் இருந்தேன். யாரும் தொடவில்லை.

திரையில் இப்போது ஹான்சோலும் இல்லை.

தரையில் வெள்ளையாக ஏதோ கிடந்தது.

ஷூவோடு ஓடினேன். எல்லாக் கதவுகளையும் திறந்து போட்டேன். மூச்சு முட்டியது. அவன் உடையைப் பிடித்து வாசல்வரை இழுத்து வந்தேன். ஒக்பூனைக் கூப்பிட்டுக் கத்தினேன். முகமூடியைக் கழற்றினேன்.

ஹான்சோல்தான்.

கண் திறந்திருந்தது. உயிர் இல்லை.

நைட்ரஜன் குழாயில் கசிவு என்றார்கள். வாசனை கிடையாதாம். இரண்டு மூச்சு இழுத்தால் போதுமாம். பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். ஆக்சிஜன் குறைந்தால் அலற வேண்டிய மணி ஏன் அலறவில்லை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கேமரா ஒரு வாரமாகவே பழுது, திரையில் எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அதையும் நான் நம்பவில்லை.

அங்கே வழக்கப்படி மருத்துவமனைக் கீழ்த்தளத்தில் இருந்த இழவு மண்டபத்துக்குப் போனோம். பையனின் அம்மா சொந்த ஊரான மொக்போவிலிருந்து வந்து, அவன் படத்துக்கு முன்னால் சுருண்டு கிடந்தாள். ஒக்பூன் எனக்கு எதிரே உட்கார்ந்து சோஜு சாராயத்தை ஊற்றினாள்.

"அன்னைக்கு அவனுக்குத் துணைன்னு பலகையில யார் பேருய்யா இருந்துச்சு?"

"இன்வூன்னு எவனோ."

அவள் கை நின்றது. சோஜு வழிந்து மேஜையில் ஓடியது.

"என்னடி?"

"அவன் செத்து ரெண்டு வருஷம் ஆச்சுய்யா. இதே பண்டிகை நாளு. அதே மேஜை. அதே வாயு. நான்தான் மறுநாள் கூட்டப் போய்ப் பார்த்தேன். தனியாக் கிடந்தான்."

"தனியா எப்படி விட்டாங்க? பலகையில ரெண்டு அட்டை வேணுமே?"

"ரெண்டும் இருந்துச்சு." அவள் அந்தப் படத்தைப் பார்த்தாள். "ஒண்ணு இன்வூ. இன்னொண்ணு ஹான்சோல். 'என் பேரை மாட்டிக்கோடா'ன்னு போன்ல சொல்லிட்டு, இவன் மொக்போவுல வீட்டுல உக்காந்து சூப் குடிச்சிட்டு இருந்திருக்கான்."

வழிந்ததைத் துணியால் துடைத்தேன். இரண்டும் ஒரே மாதிரி நடந்தது, அவ்வளவுதான். ஊரில் நடக்காததா?

மாதக் கடைசியில் வேலையை விட்டேன். பயந்து அல்ல, முழங்கால் வலி. சாவியை ஒப்படைக்கப் போன மதியம், அந்த அறைக்குப் பூட்டுப் போட்டு முத்திரை வைத்திருந்தார்கள். மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்றும் சொன்னார்கள். என் மேஜைக்குப் பக்கத்தில் பலகை அப்படியே இருந்தது. உள்ளே பக்கத்தில் இரண்டு அட்டைகள்.

இன்வூ. ஹான்சோல்.

எவனோ விளையாடியிருக்கிறான். செத்தவர்கள் பெயரில்கூட விளையாடும் பிள்ளைகள்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகள். அட்டைகளை நான் தொடவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன்.

பின்னால், "உஸ்ஸ்ஸ்..."

மின்சாரத்தை ஒழுங்காக நிறுத்தக்கூடத் தெரியவில்லை இவர்களுக்கு. நான் நடந்துகொண்டே இருந்தேன்.